மாசி போடாத சம்பல்

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் எங்கள் பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த சேலைகளை ஒதுக்கி, அடியிலிருந்த பால்மா டின்னை எடுத்துக் குலுக்கினார். உள்ளே கடகடவென்று சத்தம். மூடியைத் திறந்து முகர்ந்தவரின் மூக்கு சுருங்கியது. இது என்ன என்று கேட்டார். சமையல் சாமான் என்றேன். என்னையும் என் மனைவியையும் ஒரு தடவை பார்த்தார். அவள் நடக்க முடியாமல் பெட்டியின் மேல் சாய்ந்து நின்றாள். பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், டின்னை மூடிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் அன்றைக்கு இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் பின்னால் வந்த வில்லங்கம் எதுவும் வந்திருக்காது.

டின்னுக்குள் இருந்தது மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும்வரை வெயிலில் காயவைத்தது. இதை இப்போது எழுதும்போதுதான் ‘மீன்’ என்ற சொல் என் பேனாவில் வருகிறது. கல்முனையில் யாரும் மாசியை மீன் என்று நினைப்பதில்லை. மீன் என்றால் கடற்கரையில் வலை இழுத்ததும் துள்ள வேண்டும், சந்தையில் ஈ மொய்க்க வேண்டும். மாசி அப்படியில்லை. அது பலசரக்குக் கடையில், சீரகத்துக்கும் கொத்தமல்லிக்கும் பக்கத்துச் சாக்கில் கிடக்கும். இன்றைக்கு வெறும் மரக்கறிதான் என்று அலுத்துக்கொண்டு ஆக்குகிற நாளிலும் பருப்புக்குள் ஒரு கை மாசித்தூள் விழும். உப்புப் போட்டோமா என்று கேட்பது போலத்தான் மாசி போட்டோமா என்பதும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் பெயர். என் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். கொழும்பில் காத்திருந்தால் எப்போது முறை வரும் என்று சொல்ல முடியாது, இந்தியாவுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். பயணம் எப்படியோ ஒழுங்காயிற்று. கல்முனையிலிருந்து கொழும்புக்கு வருவதற்குள் எத்தனை சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கி ஏற்றினார்கள் என்பதைச் சொன்னால் அதுவே தனிக் கதையாகிவிடும். இறக்குகிற இடத்திலெல்லாம் அவள் நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

மெட்ராஸ் டாக்டர் இளம் வயதுக்காரர். வேகமாகப் பேசினார், வேகமாக எழுதினார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இப்போது முடியாது என்றார். உடம்பில் இரத்தம் போதாது, ஆள் எலும்பும் தோலுமாக இருக்கிறாள். மூன்று வாரம் நன்றாகச் சாப்பிட வேண்டும், பிறகு இரத்தம் சோதிப்போம், ஏறியிருந்தால் நாள் குறிப்போம். ஏறாவிட்டால் ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த முறை வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். விசாவுக்கும் நாள் எண்ணிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த முறை என்று ஒன்று அவளுக்கு வராது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஆக, அவள் சாப்பிட வேண்டும். உலகத்தில் இதைவிட லேசான வேலை இருக்க முடியாது என்று அன்று நினைத்தேன்.

முதலில் தங்குவதற்கு இடம் வேண்டும். ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த லாட்ஜுகளில் நாங்கள் வாயைத் திறக்கும்வரை அறை இருந்தது. ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னதும் எல்லா அறையும் நிரம்பிவிடும். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன, இலங்கைத் தமிழைக் கேட்டால் போலீஸ் வந்து குடைந்த காலம் அது. நாலாவதாகத்தான் அந்த வீடு கிடைத்தது. பின்பக்கத்தில் கிணறு, துணி துவைக்கும் கல், அதற்கு அந்தப் பக்கம் ஒரு தனி அறை. நோயாளிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கணவர் ஏதோ அலுவலகத்தில், காலையில் போனால் மாலையில்தான் வருவார். நாங்கள் போலீஸில் பதிந்த கடதாசியை அந்தம்மா இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவர்கள் சுத்த சைவம். மீன், மாமிசம், முட்டை எதுவும் அந்த வளவுக்குள் வரக் கூடாது.

“நாங்க சொன்னா சொன்னதுதான்மா, ஒரு துண்டு மீன் வராது” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். மாசி டின் பெட்டிக்குள்தான் இருந்தது. எனக்கு அது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை.

எனக்குச் சாப்பாட்டைப் பற்றி வாய் கொஞ்சம் நீளம். நான் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்தவன். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களிலிருந்து வருகிற நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி அனுப்புகிற வேலை. சோற்றை வாயில் வைத்ததும் நெல் அதிகம் அவிந்ததா, களத்தில் மழை பட்டதா என்று சொல்லிவிடுவேன். மெட்ராஸ் ஹோட்டலில் முதல் நாள் வாழையிலையில் விழுந்த அந்த மெல்லிசு வெள்ளைச் சோற்றைப் பார்த்ததும் இது அரிசியா, அரிசியின் நிழலா என்று கேட்டேன். பரிமாறியவர் சிரிக்கவில்லை. அதன் மேல் சாம்பார் விழுந்தது. பிறகு காரக்குழம்பு, பிறகு ரசம். மூன்றிலும் புளி. தேங்காய்ப்பால் என்பதை அந்த ஊர்க் கறிகள் கண்டதேயில்லை போலிருந்தது. தேங்காய்ப்பாலை ஒரு நாள் கண்டேன், ஆனால் அதில் சீனியைப் போட்டு இடியப்பத்தின் மேல் ஊற்றித் தந்தார்கள். தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் இல்லாமல் இடியப்பத்தை இனிப்பாகத் தின்கிற மனிதர்களோடு என்ன கதைப்பது? தயிரில் சீனி போட்டுத் தின்ன நாங்கள் பழகியிருக்க, அவர்கள் அதில் உப்புப் போட்டுச் சோற்றோடு பிசைந்தார்கள். சீனி போட வேண்டியதில் உப்பு, உப்புப் போட வேண்டியதில் சீனி. ஒரே மொழியைப் பேசிக்கொண்டு இப்படித் தலைகீழாகச் சமைக்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நானாவது திட்டிக்கொண்டே தின்றுவிடுவேன். அவளால் ஏலவில்லை. ஒரு வாய் வைப்பாள், புளி நெஞ்சைக் கரிக்கிறது என்பாள், இலையை மூடிவிடுவாள். பிரியாணிக் கடைகள் இருந்தன, எங்கள் ஆட்கள் நடத்துகிறவைதான். எண்ணெய் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாலு நாளில் கன்னம் இன்னும் ஒட்டிப்போயிற்று. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த ஊரில் இன்னும் புளி எதற்கு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், சிரிப்பு வரவில்லை.

ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி நானே சமைக்க இறங்கினேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது, அடுப்படி அவளுடையது. பதினெட்டு வருடம் அவள் அடுப்படியில் நான் விருந்தாளி. அவள் பாயில் சாய்ந்திருந்து சொல்லச் சொல்ல நான் செய்வேன். பருப்பைக் கழுவுங்க, வெங்காயத்தைச் சின்னதா வெட்டுங்க, மாசி கொஞ்சம் போடுங்க. போட்டேன். கருகிய பருப்பை அவள் எனக்காக நாலு வாய் தின்றாள். நாலு வாயில் இரத்தம் ஏறாது.

வீட்டுக்காரம்மா இதையெல்லாம் தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுப்பு வாங்கி மூன்றாம் நாள் மதியம், “பாய்” என்று குரல் கேட்டது. வெளியே வந்தால் துவைக்கிற கல்லின் மேல் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கு. அம்மா திரும்பி நடந்துகொண்டிருந்தார். உங்க வீட்டம்மாவுக்குக் கொடுங்க, வாய்க்குப் பிடிச்சா சாப்பிடட்டும் என்று திரும்பாமலே சொன்னார்.

உள்ளே சோறும், தேங்காய் அரைத்து ஆக்கிய காய்கறிக் கூட்டு ஒன்றும் இருந்தன. அவியல் என்று பிறகு தெரிந்துகொண்டோம். மூடியைத் திறந்ததும் என் மனைவி பாயிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“இஞ்சாருங்க, இது தேங்காயெண்ண.”

கடலைத் தாண்டி வந்தவள் அந்த வாசத்துக்கு எழுந்து உட்கார்ந்தாள். நான் ஊட்ட வேண்டியிருக்கவில்லை. தூக்கின் அடியை விரலால் வழித்துத் தின்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவள் பார்த்தால் இந்த அழுகை எதுக்கு என்று திட்டுவாள்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அந்தத் தூக்கு கல்லுக்கு வந்தது. நாகர்கோவில்காரர்களும் எங்களைப் போலத் தேங்காயில்லாமல் கை கழுவ மாட்டாதவர்கள். ஒரே ஊரில் எல்லாரும் ஒன்றுபோலச் சமைக்கிறார்கள் என்று நான் போட்ட தீர்ப்பு அந்தத் தூக்கில்தான் உடைந்தது. ஒரு வாரம் போனது. மனைவி சுவரைப் பிடிக்காமல் கிணற்றடிவரை நடந்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. நோன்புக் கஞ்சி வந்த கோப்பையில் நாலு பேரீச்சம்பழமாவது போகும். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். மனைவி முதல் நாளிலிருந்தே இதைத் தவறவிடவில்லை. தூக்கைக் கழுவித் துடைத்து ஒரு நாள் வாழைப்பழம், ஒரு நாள் கற்கண்டு, ஒரு நாள் நான் வாங்கி வந்த மாதுளை என்று வைத்துத்தான் கல்லில் வைப்பாள். எதற்கு இதெல்லாம் என்று அந்தம்மா கேட்பார், ஆனால் எடுத்துக்கொள்வார். கடையில் வாங்கியதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே, கையால் ஆக்கி ஒன்று கொடுக்கவில்லையே என்று இவளுக்கு மனதில் அரித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் இரத்தம் சோதித்தார்கள். மறுநாள் மதியம் முடிவை வாங்க நான் தனியாகத்தான் போனேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, பரவாயில்லையே என்றார். என்ன கொடுக்கிறீங்க, இப்படியே கொடுங்க, ஆறு நாளில் ஆபரேஷன் வைத்துக்கொள்வோம் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஆட்டோ பிடிக்கத் தோன்றாமல் பாதி வழி ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

வாசலில் வீட்டுக்காரம்மா நின்றார். செய்தியைச் சொன்னேன். அவருக்கும் முகம் மலர்ந்தது. உள்ளே போகப் போனவனை நிறுத்தி ஒன்று கேட்டார். காலையில் என் மனைவி தூக்கில் தேங்காய்த் துவையல் போல ஒன்று வைத்திருந்தாளாம், அந்தம்மா அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டாராம். இரண்டு தோசை சாப்பிடுகிறவர் நாலு சாப்பிட்டாராம். அதில் புகை வாசம் போல ஒன்று வருகிறதே, பெருங்காயமும் இல்லை, அது என்ன சாமான் என்று கேட்டார்.

அதும்மா, மாசி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த கேள்வி மாசி என்றால் என்ன என்பதாகத்தானே இருக்கும். அதற்கு என்ன பதில் என்று மனதுக்குள் போய்ப் பார்த்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மாசி எனக்கு மீனாகத் தெரிந்தது. வாலும் செவுளும் துள்ளலுமாக, முழு மீனாக.

அது எங்க ஊர்ச் சாமான் என்று எதையோ உளறிவிட்டு அறைக்கு வந்தேன். மனைவி பாயில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஈயாடாத முகத்தைப் பார்த்து, இரத்தம் ஏறவில்லையாக்கும் என்று நினைத்திருக்கிறாள். இரத்தம் ஏறிவிட்டது என்றேன். ஆறு நாளில் ஆபரேஷன் என்றேன். பிறகு சம்பலுக்கு மாசி போட்டாயா என்று கேட்டேன். போடாமல் சம்பல் எப்படி என்று திருப்பிக் கேட்டவள், என்னைப் போலவே பாதியில் நின்று, வாயைக் கையால் பொத்தினாள்.

சொல்லாமல் விடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் சொன்னேன். ஆறு நாள்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டிவரும், எந்த லாட்ஜ் எங்களை எடுக்கும்? தூக்கு நின்றுவிடும், அவள் சாப்பாடும் நின்றுவிடும். டாக்டர் இப்படியே கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கினேன்.

“நம்மட சட்டியில ஆரும் பண்டி இறைச்சியப் போட்டுத் தந்திட்டு, சொல்லாம இருந்தா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

பன்றி என்ற சொல்லை வீட்டுக்குள் எடுக்காதவள் அப்படிக் கேட்டாள்.

“இத்தினி நாளும் நான் திண்டது அவட கைச் சோறு. போய்ச் சொல்லுங்க. வெளிய போகச் சொன்னா போவம். இந்தப் பொய்யோட ஒப்பரேசனுக்குப் படுக்க எனக்கு ஏலா.”

பதினைந்து அடி தூரம்தான் அந்த முற்றம். அன்றைக்கு அதைக் கடக்க எனக்குக் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போன நேரம் பிடித்தது. அந்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் படிக்குக் கீழே நின்று சொன்னேன். அந்தச் சம்பலில் மீன் இருக்கிறது, காய்ந்த மீன், தூளாக்கிப் போட்டது. அடுப்பு வாங்கிய நாளிலிருந்து எங்கள் பருப்பிலும் அதுதான் விழுகிறது என்பதையும் சொன்னேன். சொல்ல வந்தவன் பாதியை எதற்கு மறைப்பது?

அவர் கை கீரையிலேயே நின்றது.

“தெரிஞ்சா குடுத்தீங்க?”

“இல்லம்மா. எங்களுக்கு அது மீன் எண்டு நினைப்பே வாறல்ல. இப்ப நீங்க கேட்ட புறகுதான் எனக்கே தெரிஞ்ச.”

கீரையைத் தள்ளி வைத்தார். எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தலைக்கு ஊற்றுகிறார் என்று புரிந்தது. ஆபரேஷனுக்கு நாள் கிடைத்த சந்தோஷத்தை அந்தத் தண்ணீர்ச் சத்தம் முழுதாகக் கழுவிக்கொண்டு போயிற்று.

பெட்டியை அடுக்கினோம். மாசி டின்னைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்க் காவலாளியிடம் கொடுத்தேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்து, இது என்ன விறகு பாய், சாம்பிராணிக்கா என்று கேட்டார். எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவிக்கிற ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது? கறிக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் கல் வெறுமையாக இருந்தது. வெளியே போங்கள் என்று யாரும் சொல்லவில்லை, பாய் என்று யாரும் கூப்பிடவுமில்லை. நான் ஹோட்டலிலிருந்து சோறு கட்டி வந்தேன். மனைவி தொடவில்லை. ரெண்டு வாய் தின்னு புள்ள என்று கெஞ்சினேன், பிறகு அதட்டினேன், பிறகு பொட்டலத்தைச் சுவரில் எறியப் போய், எறியாமல் வைத்தேன். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி இதுதானா என்று கத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். ஏறிய இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவது போல எனக்குத் தோன்றிக்கொண்டேயிருந்தது.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணியிருக்கும். எங்கள் அறை வாசலில் ஆள் நிழல் விழுந்தது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அந்தம்மா கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை. இப்போது வாசலில் நின்றார். ஒரு கையில் அந்தத் தூக்கு, மறுகையில் மூடிய ஒரு பாத்திரம்.

“நேத்து பூரா எனக்குக் கோபம் பாய்” என்றார். “உங்க மேல இல்ல. அது நல்லா இருந்துச்சு. அதான் கோபம்.”

உள்ளே பாயில் கிடந்த என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, மூச்சு முட்டி, இருமினாள். அந்தம்மா அவளைப் பார்த்து முதலில் முகத்தைக் கடுமையாக வைத்தார். பிறகு அவருக்கும் உதடு கோணியது.

தூக்கை வாசற்படியில் வைத்தார். இது இனி எங்கள் வீட்டுக்குள் வராது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் என் பாத்திரத்திலிருந்து இதில் போட்டுத் தருகிறேன், திருப்பி எதுவும் வைக்க வேண்டாம் என்றார். சொன்னபடியே தொடாமல் உயரத்திலிருந்து சோற்றைச் சரித்துவிட்டார். எனக்கு அது சுருக்கென்றது. அவர் போனதும், நாய்க்குப் போடுவது போல என்று முணுமுணுத்தேன்.

“பண்டி பட்ட சட்டிய நீங்க கழுவிட்டா வெச்சிருப்பீங்க? அவ சோறு தந்தாவா இல்லையா?” என்று கேட்டுவிட்டு என் மனைவி தூக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அன்றைக்கும் அடியை வழித்துத் தின்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அந்தம்மா கிணற்றடிக்கு வந்து, அதைப் போடாமல் செய்தால் அந்த ருசி வருமா என்று கேட்டார். வராது, ஆனால் செய்யலாம் என்றாள் என் மனைவி. துவைக்கிற கல்லில் இவள் உட்கார்ந்து தேங்காய் எவ்வளவு, செத்தல் மிளகாய் எத்தனை, வெங்காயத்தை எப்போது தட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அந்தம்மா தன் சமையலறையில் தன் அம்மியில் அரைத்தார். தேசிக்காய்ப் புளி விடுங்க என்று இவள் சொல்ல, அதென்ன காய் என்று அவர் கேட்க, எலுமிச்சம்பழத்தைக் காட்டி முடிந்தது. அரைத்ததில் கொஞ்சம் எங்கள் தூக்கிலும் விழுந்தது. ருசி என்று பெரிதாக இல்லை. அவள் அதை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அந்தம்மாவும் சொல்லவில்லை. மூன்று பேரும் தின்றோம்.

குறித்த நாளில் ஆபரேஷன் நடந்தது. கதவுக்கு வெளியே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. டாக்டர் வந்து, நல்லபடியா முடிஞ்சது, நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்க என்றார். முதலில் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எதிரே, முதல் நாள் சாப்பிட்ட அதே ஹோட்டலுக்குப் போய் இலையைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த மெல்லிசுச் சோறு, அதே சாம்பார். மூன்று தரம் சாம்பார் கேட்டு வாங்கினேன். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தேன். கடைசியில் உப்புப் போட்ட தயிர்ச் சோற்றையும் தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. பரிமாறியவர் என்னை அடையாளம் கண்டு, இப்ப அரிசி பரவாயில்லையா பாய் என்றார். ஓம் என்றேன், சத்தமாக. கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

புறப்படும் அன்று அந்தம்மா தூக்கு நிறைய எலுமிச்சைச் சோறும், மாசி போடாத அந்தச் சம்பலும் வைத்துத் தந்தார். கட்டிப்பிடிக்கவில்லை. இவளும் அதை எதிர்பார்க்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கோ என்றார், ஓம் அக்கா என்றாள் இவள். விமானத்தில் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்திருந்தாள். என்ன என்று கேட்டேன். முதல் தடவையாக ஒரு வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் போகிறோமே என்றாள்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் போய்விட்டன. எங்கள் வீட்டிலிருந்து கடல் அரை மைல். ஒவ்வொரு சட்டியிலும் மீன் வெந்திருக்கிறது, ஒவ்வொரு டப்பாவிலும் மாசி மணக்கும். அந்தத் தூக்கை மட்டும் என் மனைவி அலமாரியில் தனித் தட்டில் வைத்திருக்கிறாள். அதற்குள் மீன் படாது, மாசி படாது. மாதத்தில் ஒரு நாள் மாசி போடாமல் சம்பல் இடித்து அதில் வைப்பாள். மகள் ஒரு தடவை தெரியாமல் அதில் மீன் குழம்பை ஊற்றப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மீன் பட்டது என்று அந்த வீட்டிலிருந்து வெளியேறிய பாத்திரம்தான் எங்கள் வீட்டில் மீனே படாத ஒரே பாத்திரம். இது உனக்குச் சரியாகத் தெரிகிறதா என்று சீண்டுவேன். அவங்கட தூக்கு, நமக்கிட்டக் கிடக்கு, அவ்வளவுதான் என்பாள்.

இன்று காலையும் அதைக் கழுவ அவளே கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு அடுப்படிவரை நடந்து வந்தாள். மூச்சு வாங்கவில்லை.